அபிகாயில் தேடிய இரைச்சல்

கீழ்வீட்டு அபிகாயில் தன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் முடிச்சூரே பற்றி எரிந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்து, அந்த வாசனை மாடிக்கு வந்து, நான் இறங்கிப் போய் அணைத்த நாட்கள் உண்டு. "மூக்கையும் அந்தப் பெட்டிக்குள்ளயே கழட்டி வச்சுட்டியா?" என்று கத்துவேன். "ஸாரிக்கா" என்பாள். கண் மட்டும் திரையை விட்டு வராது.

பெட்டி என்று நான் சொல்வது ரேடியோ டெலஸ்கோப்பின் ரிசீவரை. நானும் அவளும் ஒரே கல்லூரியில் வேலை பார்க்கிறோம்; நான் கணக்கு, அவள் எலெக்ட்ரானிக்ஸ். அதனால் அவள் சொன்னதில் பாதியாவது எனக்குப் புரியும். நட்சத்திரங்கள் வெளிச்சம் மட்டும் விடுவதில்லை, ரேடியோ அலையும் விடுகின்றன. பெரிய தட்டு ஒன்று அதைப் பிடித்துக் குவிக்கும். குவிந்ததைப் பெருக்கிக் காட்டுவது ரிசீவர். பட்டப்பகலில் கேட்கலாம், ஐப்பசி மழையிலும் கேட்கலாம். கேட்கவிடாமல் செய்வது நாம்தான். நம் செல்போன், நம் டவர், தலைக்கு மேல் பறக்கும் ஏர்ஃபோர்ஸ் விமானம், எல்லாம் சேர்ந்து போடும் கூச்சலில் நட்சத்திரம் முனகுவது எங்கே காதில் விழும்?

கூச்சலை வடிகட்டினால் போச்சு என்றேன் ஒருநாள், பெரிய மேதை மாதிரி. அவள் சிரித்தாள். "காதைப் பொத்திக்கிட்டா கல்யாண மேளமும் கேக்காது, தொட்டில்ல பிள்ளை அழறதும் கேக்காதுக்கா. மேளத்தை மட்டும் நிறுத்தணும், பிள்ளை சத்தம் குறையக் கூடாது. அதான் என் வேலை." அவள் அந்த ஒரு வேலைக்காகத்தான் பிறந்தாள் என்று நான் சத்தியம் செய்வேன்.

அவள் அப்பா சுந்தர்சிங் தாம்பரம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். அம்மா ரத்தினபாய் டீச்சர். மகள் படித்து முடித்ததும் பாங்க் பரீட்சை எழுதுவாள் என்று பார்த்தால், அவள் வடக்கே ஒரு பெரிய டெலஸ்கோப்பில் வேலைக்குப் போய்விட்டாள். புடவை வாங்கிக்கொள் என்று அப்பா அனுப்பிய பணத்தில் சால்டரிங் அயர்ன் வாங்கினாள் என்று ரத்தினபாய் டீச்சர் எல்லாரிடமும் குறைப்பட்டுக்கொள்வார். குறையா பெருமையா என்று கண்டுபிடிக்க முடியாது. பிறகு அபிகாயில் ஜெபகுமாரைக் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினாள். எங்கள் கல்லூரியில் சேர்ந்த கையோடு, தொலைபேசித் துறை கழித்துப் போட்ட பழைய தட்டு ஒன்றை மன்றாடி வாங்கி, கல்லூரிக்குப் பின்னால் வண்டலூர் பக்கம் சும்மா கிடந்த நிலத்தில் நிறுத்தினாள். மிருகக்காட்சி சாலைச் சிங்கம் கர்ஜிக்கும் சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும். அது ரேடியோ அலை இல்லை, பரவாயில்லை என்பாள்.

அந்த நிலையத்துக்குள் போக ஒரு சட்டம் இருந்தது. வாசலில் ஒரு எவர்சில்வர் சம்புடம். யாராக இருந்தாலும் போனை அணைத்து அதற்குள் போட்டு மூடிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். பிரின்சிபாலே போட்டிருக்கிறார்.

ஜெபகுமாரைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் நியாயமாகச் சொல்கிறேன். அன்றைக்கெல்லாம் அவரைப் போல ஒரு புருஷன் இந்தக் காலனியிலேயே கிடையாது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. கல்லூரி மதிலை ஒட்டி இருக்கும் அவர்கள் ஆலயத்துக்குச் செகரட்டரி. சாயந்திரம் பெருங்களத்தூர் தாண்டியதும் அபிகாயிலுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இவள் உடனே அடுப்பில் டீத்தண்ணீர் வைப்பாள். அவர் செருப்பைக் கழற்றும்போது டீ தயாராக இருக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்களுக்குள் இருந்த வழக்கம் அது. "பாருங்க, கத்துக்கோங்க" என்று என் வீட்டுக்காரர் பத்ரிநாராயணனை நான் எத்தனை முறை இடித்திருக்கிறேன். அவர் பாவம், பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

வடக்கே இருந்த பெரிய டெலஸ்கோப்பைச் சுற்றியும் டவர்கள் முளைத்துவிட்டன. அவர்கள் தங்கள் எல்லா ரிசீவர்களையும் மாற்றப்போகிறோம், இரைச்சலைத் தாங்கும் வடிவம் யாரிடமாவது இருந்தால் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அபிகாயில் எழுதிப் போட்டாள். நாங்களே வந்து உங்கள் தட்டில் அது ஓடுவதைப் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அன்று அவள் மாடிப்படியில் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கையிலிருந்த கரண்டி மாவு அவள் முதுகெல்லாம் ஆயிற்று. அவள் பெட்டி தேறினால் அந்தப் பெரிய தட்டுகள் ஒவ்வொன்றிலும் அவள் செய்த ரிசீவர் உட்காரும். தேறாவிட்டால் கல்லூரி அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்த இடம் ஆக்கிவிடும். இதை மேனேஜ்மெண்ட் வாய்விட்டே சொல்லியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் இரைச்சல் வந்தது. கரோனாவுக்கு அப்புறம் ஒருநாள் திடீரென்று. வடிகட்டியை மாற்றினாள், முதல் பெருக்கியை இன்னும் பலமானதாகப் போட்டாள். பக்கத்து அலைவரிசையில் யார் கத்தினாலும் அவள் வடிகட்டி நிறுத்திவிடும். ஆனால் இது அவள் கேட்க வேண்டிய வரிசைக்குள்ளேயே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. தட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் இருந்தது.

சரி, எங்கிருந்து வருகிறது என்று தேடுவோம் என்று கிளம்பினாள். அலையை அளந்து திரையில் காட்டும் கருவி நிலையத்தில் ஒன்றே ஒன்றுதான். அதனால் டெலஸ்கோப்பை நிறுத்திவிட்டு, அதே கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மீன்முள் மாதிரி ஒரு ஆண்டெனாவைக் கையில் பிடித்து நீட்டியபடி பைக்கின் பின்னால் உட்காருவாள். ஓட்டுவது ஜெபகுமார். கல்லூரி மதிலோரம், பெருங்களத்தூர், மிருகக்காட்சி சாலை மதில், கிளாம்பாக்கம் பஸ் நிலையம், சிங்கப்பெருமாள் கோவில் தொழிற்சாலைகள் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். ஜிஎஸ்டி ரோட்டில் போகிறவர்கள், பாவம் கேபிள் டிவி ரிப்பேர் என்று நினைத்திருப்பார்கள். ஒருநாள் நான், "அவருக்கு லீவு போட்டுப் போட்டு அலுத்திருக்கும், என் ஸ்கூட்டியில வா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவர் விடவில்லை. "வேண்டாங்க்கா, அவ வேலை, நான்தான் வருவேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தத் தண்ணீரை இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பார்த்துப் பற்றிக்கொண்டு வருகிறது.

தேடக் கிளம்பும்போதும் நிலையத்து வாசலில் வண்டியை நிறுத்தி, போனைச் சம்புடத்தில் போட்டு, மூடியை அழுத்தி மூடிவிட்டுத்தான் அவர் அவளைக் கூப்பிடுவார். அவ்வளவு ஒழுங்கு.

வெளியே போனால் இரைச்சல் இல்லை. திரும்பி வந்து கருவியை மாட்டி டெலஸ்கோப்பை ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். ஆலயத்திலும் அவளுக்காக ஜெபம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆயர் அவள் பெயரைச் சொல்லி, சகோதரியின் ஆராய்ச்சியில் உள்ள தடைகள் நீங்க வேண்டும் என்று வேண்டுவார். அது நெட்டில் லைவாகக் கனடா வரை போகும். ஜெபகுமார் சத்தமாக ஆமென் சொல்வார். தகரக் கூரை போட்ட அந்த ஆலயத்தில் லைவ் எப்படி இவ்வளவு தெளிவாகப் போகிறது என்று அபிகாயில் ஒருமுறை அவரிடம் கேட்டிருக்கிறாள். ஃபைபர் லைன் போட்டாச்சு என்றாராம். மணிக்கூண்டுக்குப் பின்னால் தெரிந்த ஒயரைக் காட்டிக் கேட்டதற்கு, சிசிடிவி என்றாராம். சொந்தப் புருஷன் சொன்னால் ஏணி வைத்து ஏறிப் பார்ப்பாளா ஒரு பெண்?

கடைசியில் அவள் கணக்கு போட்டாள். தப்பில்லாத கணக்கு, நானும் சரிபார்த்தேன். டெலஸ்கோப் ஓடும்போது மட்டும் இரைச்சல் இருக்கிறது. நிறுத்திவிட்டு வெளியே தேடினால் இல்லை. அப்படியானால் அது வெளியிலிருந்து வரவில்லை, ரிசீவருக்குள்ளேயே பிறக்கிறது.

வடக்கேயிருந்து கமிட்டி வந்தது. கணக்குத் துறை சார்பில் நானும் உள்ளே இருந்தேன். திரையில் இரைச்சல் புதர் மாதிரி மண்டிக் கிடந்தது. வந்தவர்கள் மரியாதையானவர்கள்தான். பக்கத்தில் ஏதாவது டவர், ஏதாவது கருவி இருக்கலாமே என்று அவர்களே அவளுக்கு வழி எடுத்துக் கொடுத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கொம்பைப் பிடித்துக்கொண்டு ஏறியிருப்பார்கள். இவள், "வெளியே எதுவும் இல்லை சார். எல்லா இடமும் நானே தேடிட்டேன். இது என் ரிசீவர்லேருந்துதான் வருது. எங்கேன்னு இன்னும் தெரியலை" என்றாள். ஜெபகுமார் அவர்களுக்கெல்லாம் வாங்கி வந்த சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

வேறொரு குழுவின் ரிசீவரை எடுத்துக்கொண்டார்கள். கல்லூரி நிலத்தை எடுத்துக்கொண்டது. கேஸ் கட்டர் வைத்துத் தட்டைத் துண்டு போட்ட அன்று அவள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். ஜெபகுமார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, கர்த்தர் வேற வாசல் திறப்பார் என்றார். அவள் பெட்டியை ஒரு பழைய புடவையில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். அதற்கப்புறம் சால்டரிங் அயர்னைத் தொடவில்லை. என் மிக்சி ரிப்பேரானபோது கொண்டுபோய்க் கொடுத்தேன். "கடையில குடுங்கக்கா. என் கை சரியில்லை" என்றாள். தட்டு போனது போகட்டும். தன் கைமேல் இருந்த நம்பிக்கை போனால் அவள் எதை வைத்துக்கொண்டு எழுந்திருப்பாள்?

இப்படியே சில மாதம் போய், அவர்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை வந்தது. நான் வருஷா வருஷம் போவேன். வீட்டுத் தோட்டத்தில் விளைந்தது, சமைத்தது என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து படைத்து, ஏலம் விடுவார்கள். எனக்கு அந்த ஏலம் என்றால் உயிர். அன்றும் ஒரு வெண்பூசணியை விடாமல் கேட்டு எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அபிகாயில் பக்கத்தில் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். ஏலத்துக்கு நடுவே சாட்சி சொல்லும் நேரம். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம்.

காலேப் எழுந்தார். ஆலயத்தைத் திறந்து பூட்டி, மணியடித்து, பெருக்கித் துடைக்கும் மனிதர். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எம் பொண்ணு நர்சிங் பாஸாயிட்ச்சு. கிளாஸ் பூரா இந்தக் கோயில் நெட்லதான் பட்ச்சுது. செகரட்ரி ஐயாதான் மணிக்கூண்டாண்ட பூஸ்டர் மாட்டிக் குடுத்தாரு, அவருக்கு நன்றி. அபிகாயில் அம்மா மிசினு எடுத்துகினு வர்றப்போ ஐயா எனக்கு ஒரு மிஸ்டு கால் வுடுவாரு. நான் ஓடிப்போயி பூஸ்டரை அணைச்சிடுவேன். அம்மா போனதும் இன்னொரு மிஸ்டு கால், மறுபடி போட்டுடுவேன். அம்மாவோட ஆராய்ச்சிக்கு என்னால ஆன ஒத்தாசை. அதுக்கும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். கை தட்டினார்கள். அந்த மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவள் அளக்க வரும்போது அணைத்துவைப்பது அவளுக்கு உதவி என்று சொல்லித்தானே அவரைப் பழக்கியிருக்கிறார்கள்!

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. செல்போன் சிக்னலைப் பிடித்துப் பெருக்கும் கருவி பூஸ்டர். அனுமதியில்லாமல் மாட்டக் கூடாது. மட்டமான சரக்கு என்றால் கண்ட கண்ட அலைவரிசையிலெல்லாம் இரைச்சலைக் கக்கும் என்று அபிகாயிலே எனக்குச் சொல்லியிருக்கிறாள். அது அவள் தட்டுக்கு மதில் தாண்டினால் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஊரெல்லாம் அவளை ஏற்றிக்கொண்டு தேடியவரே அதை மாட்டியவர். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, இது பயிரை மேய்ந்துவிட்டு, மாடு எங்கே மாடு எங்கே என்று கூடவே தேடிய வேலி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவரை நான் அன்றுதான் பார்த்தேன். என் மடியில் இருந்த பூசணியை அந்த ஆள் தலையில் போட்டிருப்பேன், ஆலயம் என்பதால் விட்டேன்.

அபிகாயில் எழுந்தாள். ஏல மேசைக்குப் பக்கத்தில் வெளிறிப்போய் நின்ற புருஷனிடம் போனாள். "வண்டியை எடுங்க. வீட்டுக்குப் போகணும்" என்றாள். குரல் உயரவில்லை. நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன்.

வீட்டில் அவளே ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். புடவையைப் பிரித்தாள். அலை அளக்கும் கருவியைக் கல்லூரி இன்னும் திருப்பிக் கேட்கவில்லை, அவள் பீரோவில்தான் இருந்தது. பெட்டியை அதோடு இணைத்து, மீன்முள் ஆண்டெனாவை மாட்டி, மறுபடி பைக்கில் ஏறினாள். அந்த மனிதர்தான் ஓட்டினார், ஸ்கூட்டியில் பின்னால் நான். ஆலயத்து மதிலோரம் நிறுத்தச் சொன்னாள். உள்ளே ஏலம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. திரையில் அதே புதர், கமிட்டி பார்த்த அதே புதர், அதைவிட உயரமாக.

"காலேப் அண்ணனுக்கு மிஸ்டு கால் குடுங்க" என்றாள்.

"அபி, வேண்டாம்..."

"குடுங்க."

கொடுத்தார். கூட்டத்திலிருந்து காலேப் எழுந்து, பழக்க தோஷத்தில் மணிக்கூண்டுப் பக்கம் ஓடுவது கேட் வழியாக எனக்குத் தெரிந்தது. திரையில் புதர் படுத்தது. அடியில் மெலிசாக ஒரு கோடு மட்டும். பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதற்கென்று ஒரு துளி இரைச்சல் இல்லை. அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள், அவர் பக்கம் இல்லை.

"என் பெட்டி சுத்தமாத்தான் இருந்திருக்குக்கா."

சொல்லிவிட்டுத்தான் அழுதாள். நடுரோட்டில், ஆண்டெனாவைப் பிடித்தபடி. நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

அவர் ஏதேதோ சொன்னார். கரோனாவுக்கு அப்புறமும் ஆலயத்துக்கு வரப் பயந்தவர்களுக்காக மாட்டியதாம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றிருந்தாராம், பிறகு ஈஸ்டர் என்றிருந்தாராம். லைவுக்காக எல்லாரும் அவரைத்தான் புகழ்ந்தார்களாம். அவளிடம் சொன்னால் ஒரு நாள்கூட வைத்திருக்க விடமாட்டாள், அனுமதியில்லாமல் மாட்டியது வெளியே தெரிந்தால் செகரட்டரி பதவி போய்விடும் என்று பயமாம். அவள் கேட்டுக்கொண்டாள்.

"கமிட்டி முன்னாடி என் தப்புன்னு சொன்னேனே, நீங்க வாசல்லதானே நின்னீங்க. அப்பக்கூட உங்களுக்கு வாய் வரலையா?"



நடந்ததைக் கமிட்டிக்கு எழுதினாள். வருந்துகிறோம், வேறு ரிசீவர்கள் தயாராகிக்கொண்டிருக்கின்றன என்று பதில் வந்தது. பூஸ்டரைக் கழற்றினார்கள். லைவ் விட்டு விட்டுப் போகிறது. "அந்தம்மாவாலதான்" என்று ஆலயத்திலேயே இரண்டு பேர் முணுமுணுத்தார்களாம். என் காதில் விழுந்திருந்தால் நடந்திருப்பது வேறு. காலேப் மட்டும் வீடு தேடி வந்து வாசலிலேயே நின்று அழுதார். உங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணா என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பினாள். என் மிக்சியை அவளாகவே கேட்டு வாங்கிச் சரிசெய்து கொடுத்தாள். முன்னைவிட நன்றாக ஓடுகிறது.

வீட்டை விட்டு அவள் எங்கும் போகவில்லை. அவரோடு சண்டையும் போடவில்லை. சண்டை போடேன்டி என்று நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

போன வாரம் சாயந்திரம் அவள் சமையலறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் இருவருக்குமாக அடுப்பில் டீத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மேடைமேல் இருந்த அவள் போன் ஒருமுறை அடித்து நின்றது. ஜெபகுமார்தான், பெருங்களத்தூர் தாண்டியிருப்பார். மனிதர் இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அபிகாயில் எழுந்து போனாள். இன்னொரு டம்ளர் தண்ணீர் சேர்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவர் மிஸ்டு கால் வந்தா அணைச்சிடணும்க்கா. அவர் வச்ச சட்டம்தான்" என்றாள்.

எனக்கும் அன்று டீ இல்லை. நான் கேட்கவும் இல்லை.